இரண்டாவது மருந்தை ஊகத்தில் எழுதாதீர்கள்: மருத்துவமனை மருந்துக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு மருத்துவமனைகளின் மருந்துக் குழுக்களில் பொறுப்பு வகிக்கும் மருத்துவர்களுக்கும், மருந்தாளுநர்களுக்கும், நிர்வாகிகளுக்கும்,

நான் வேலை பார்க்கும் மருத்துவமனையின் மருந்துக் குழு சமீபத்தில் ஒரே கூட்டத்தில் இரண்டு முடிவுகளை எடுத்தது. ஃப்ளூசைட்டோசின் என்ற பூஞ்சை எதிர்ப்பு மாத்திரையைக் கொள்முதல் பட்டியலில் சேர்க்கச் சொல்லி எங்கள் நுண்ணுயிரியல் துறை கொடுத்த விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்தது. இரத்தம் தவிர்த்த மற்ற மாதிரிகளில் வளரும் யீஸ்ட் வகைப் பூஞ்சைகளுக்கு மருந்து உணர்திறன் சோதனை (எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று பார்ப்பது) வேண்டாம் என்றது. எந்த மருந்துக்கும் மசியாத யீஸ்டுக்கு இரண்டு மருந்துகளைச் சேர்த்து வைத்துப் பார்க்கும் சோதனையும் அதோடு நின்றது. குறிப்பேட்டில் எழுதப்பட்ட காரணம்: தேவை குறைவு, செலவு அதிகம், கூட்டு மருந்து சிகிச்சைக்குப் போதிய சான்று இல்லை.

எங்கள் குழு மட்டும் இப்படி முடிவெடுத்திருந்தால் உள்ளேயே பேசியிருப்பேன். வேறு ஊர்களில் என்னைப் போலவே ஆய்வகத்தில் இருக்கும் நண்பர்களிடம் கேட்டேன். சில இடங்களில் இந்தச் சோதனை தொடங்கவே இல்லை. சில இடங்களில் ஃப்ளூசைட்டோசின் என்ற பெயரே குழுவின் முன் வந்ததில்லை. ஆகவே இந்தக் கடிதம் ஒரு குழுவுக்கு எழுதியதாக இல்லாமல் உங்கள் எல்லோருக்குமானதாக இருக்கட்டும்.

நான் ஒரு நுண்ணுயிரியல் மருத்துவர். பூஞ்சை மேஜையில் பல வருடங்களாக உட்கார்ந்திருக்கிறேன். வார்டில் நோயாளியின் கையைப் பிடித்துப் பார்ப்பவர்கள் நீங்கள். அவருடைய உடம்பில் வளர்ந்ததை ப்ளேட்டில் பார்ப்பவள் நான். இரண்டு பக்கமும் சேர்ந்தால்தான் சிகிச்சை முழுமையாகும். உங்கள் முடிவு என் பக்கத்தின் கண்ணைக் கட்டிவிட்டது.

"கேண்டிடா ஸ்பீசிஸ் வளர்ந்தது. சென்சிட்டிவிட்டி செய்யப்படவில்லை." இனி ஐசியு சிறுநீர் மாதிரிகளுக்கு என் கையெழுத்தோடு போகப்போகும் ரிப்போர்ட் இதுதான். கேண்டிடா என்பது யீஸ்டில் ஒரு பெரிய குடும்பம்; அதில் எந்த இனம், எந்த மருந்துக்கு அடங்கும் என்பதை இது சொல்லாது. இதைப் படிக்கும் இளம் மருத்துவர் என்ன செய்வார்? வழக்கமான பூஞ்சை மருந்தான ஃப்ளூகோனசோல் எழுதுவார். காய்ச்சல் குறையவில்லை என்றால் அதோடு இன்னொன்றைச் சேர்ப்பார். அதுவும் பலிக்கவில்லை என்றால் மூன்றாவது. நீங்கள் சான்று இல்லை என்று நிறுத்திய கூட்டு சிகிச்சை வார்டில் நிற்கவே இல்லை. தினமும் நடக்கிறது. சோதித்துப் பார்க்கும் வழி மட்டும்தான் நின்றிருக்கிறது.

பூஞ்சைக்கு மருந்து தேடுவது பாக்டீரியாவுக்குத் தேடுவதைவிடக் கடினம். யீஸ்டின் செல் அமைப்பு பல வகையில் நம் செல்லை ஒத்திருப்பதால் அதைக் கொல்வது நம்மையும் தாக்கும். அதனால்தான் உடல் முழுவதும் பரவிய யீஸ்ட் தொற்றுக்கு நம் கையில் இருக்கும் மருந்துக் குடும்பங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. பூஞ்சையின் சவ்வில் எர்கோஸ்டிரால் என்ற கொழுப்பு இருக்கிறது. அதைப் பிடித்துச் சவ்வைக் குலைப்பது 1950களில் வந்த ஆம்போடெரிசின். அந்தக் கொழுப்பு உருவாவதைத் தடுப்பவை ஃப்ளூகோனசோல், வோரிகோனசோல் போன்ற அசோல்கள். செல் சுவரின் குளூக்கான் இழையைத் தடுப்பவை காஸ்போஃபஞ்சின், மைக்காஃபஞ்சின் குடும்பம். இவற்றில் முதலாவது 2001இல்தான் பயன்பாட்டுக்கு வந்தது. இவை போக இருப்பது ஃப்ளூசைட்டோசின். 1957இல் புற்றுநோய்க்காக உருவாக்கப்பட்டு, அங்கே பயன்படாமல், பின்னர் பூஞ்சைக்கு உதவும் என்று தெரியவந்த மருந்து. பூஞ்சைக்குள் நுழைந்ததும் அங்கிருக்கும் ஒரு நொதி இதை நஞ்சாக மாற்றுகிறது. அந்த நொதி மனித செல்லில் கிடையாது.

ஒரு குடும்பத்துக்கு எதிர்ப்பு வந்தால் கால்வாசி ஆயுதம் போயிற்று. இரண்டுக்கு வந்தால் பாதி.

பல மருந்துகளுக்கு அடங்காத யீஸ்டான கேண்டிடா ஆரிஸை நீங்கள் அறிவீர்கள். 2009இல் ஜப்பானில் ஒரு மூதாட்டியின் காதிலிருந்து எடுத்து விவரிக்கப்பட்டது. 2013இல் டெல்லி மருத்துவமனைகளில் இரத்தத் தொற்று உண்டாக்கிய ஒரே மரபு வழி வகை பற்றி வல்லபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தின் அனுராதா சௌதரி குழுவினர் எழுதினார்கள். பூஞ்சையியல் ஆய்வாளர் அருணாலோக் சக்ரவர்த்தி தலைமையில் நாடெங்கும் 27 ஐசியுக்களில் நடந்த ஆய்வில், கேண்டிடா இரத்தத்தில் பரவிய 1,400 நோயாளிகளில் 44.7 சதவீதம் பேர் 30 நாட்களுக்குள் இறந்தார்கள். அந்த 27இல் 19 ஐசியுக்களில் ஆரிஸ் இருந்தது. அது 2011, 2012ஆம் ஆண்டுகளின் நிலை. 2020இல் கோவிட் முதல் அலையின்போது டெல்லியில் ஒரு ஐசியுவில் இரத்தத்தில் கேண்டிடா வளர்ந்த 15 பேரில் 10 பேருக்கு ஆரிஸ். அந்தப் பத்தில் 6 பேர் பிழைக்கவில்லை. 2022 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் முதன்முறையாக வெளியிட்ட முன்னுரிமைப் பூஞ்சைகள் பட்டியலில் மிக அவசரம் என்ற பிரிவில் நான்கே பெயர்கள். அவற்றில் மூன்று யீஸ்ட்: கிரிப்டோகாக்கஸ் நியோஃபார்மன்ஸ், கேண்டிடா ஆரிஸ், கேண்டிடா ஆல்பிகன்ஸ்.

ஆரிஸ் கிருமிகளில் பத்துக்கு ஒன்பது ஃப்ளூகோனசோலுக்கு அடங்குவதில்லை. சுமார் மூன்றில் ஒரு பங்கு ஆம்போடெரிசினையும் தாங்குகிறது. காஸ்போஃபஞ்சின் போன்ற, சுவரைத் தாக்கும் மருந்துகளுக்கு எதிர்ப்பு இன்னும் குறைவுதான், ஆனால் நிலை மாறி வருகிறது. 2021இல் அமெரிக்காவில் வாஷிங்டன் டி.சி.யிலும் டெக்சாஸிலும், மூன்று குடும்பங்களுக்கும் அடங்காத ஆரிஸ் ஒரு நோயாளியிடமிருந்து இன்னொருவருக்குப் பரவியதற்கான தடயங்கள் பதிவாயின. அந்த நோயாளிகள் அதற்குமுன் சுவர் மருந்து வாங்கியிருக்கவில்லை. எதிர்ப்போடு கிருமி வந்து ஒட்டியிருக்கிறது. அப்படிப்பட்ட கிருமி நம் வார்டுக்கு வரும்போது ஒற்றை மருந்து எதுவும் மிஞ்சாது. இரண்டைச் சேர்ப்பது ஒன்றே வழி. எந்த இரண்டு என்பதை அன்றைக்கு யாரைக் கேட்போம்?

நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். சர்க்கரை நோய், பக்கவாதம், வேறொரு மருத்துவமனையில் நெடுநாள் ஐசியு வாசம், பிறகு எங்களிடம் வந்தார். சிறுநீர்க் குழாய் மாட்டியிருந்தது. முன்பு இருந்த இடத்தின் ரிப்போர்ட்டில் "கேண்டிடா ஸ்பீசிஸ்" என்று மட்டும் இருந்தது. ஃப்ளூகோனசோல் ஓடிக்கொண்டிருந்தது. இரத்தக் கல்ச்சரிலும் (கிருமி வளர்ப்புச் சோதனை) யீஸ்ட் வளர்ந்தபோது இனம் கண்டோம்: ஆரிஸ். ஃப்ளூகோனசோல் அதை ஒன்றும் செய்திருக்க வாய்ப்பே இல்லை. காஸ்போஃபஞ்சினுக்கு மாற்றினார்கள். சரியான தேர்வு. இரத்தம் சுத்தமானது. ஆனால் கிருமி சிறுநீரகத்துக்குள் கூடு கட்டியிருந்தது. காஸ்போஃபஞ்சின் சிறுநீருக்குள் போதிய அளவு போய்ச் சேராது. ஆம்போடெரிசின் தொடங்கினார்கள். சிறுநீரகம் தளர்வதைக் காட்டும் கிரியேட்டினின் ஏறிக்கொண்டே போனது. அளவைக் குறைத்தார்கள், காய்ச்சல் திரும்பியது.

சிறுநீருக்குள் அப்படியே போய்ச் சேரும் மருந்து ஃப்ளூசைட்டோசின். ஆம்போடெரிசினோடு சேர்த்தால் ஆம்போடெரிசின் சவ்வைக் குலைக்கும் இடத்தில் இது கூடுதலாக உள்ளே நுழைய வழி கிடைக்கிறது. ஃப்ளூகோனசோலுக்கு அடங்காத யீஸ்ட் சிறுநீரகத்தைத் தாக்கும்போது ஆம்போடெரிசினோடு ஃப்ளூசைட்டோசின் சேர்க்கலாம் என்பது அமெரிக்கத் தொற்றுநோய் சங்கத்தின் 2016 வழிகாட்டியிலேயே இருக்கிறது. கேண்டிடா இதய வால்வைத் தாக்கினாலும் மூளையைத் தாக்கினாலும் அதே கூட்டணிதான் அங்கே எழுதப்பட்டிருக்கிறது. நான் புதிதாக எதையும் கேட்கவில்லை.

பெரியவரின் மகன் அந்த மாத்திரையைத் தேடி அலைந்தார். எங்கள் மருந்தகத்தில் இல்லை, ஊரில் எந்த மொத்த வியாபாரியிடமும் இல்லை. பெருநகரங்களுக்குப் போன் போட்டார், தெரிந்தவர்களின் தெரிந்தவர்களைப் பிடித்தார். அவர் என் அறை வாசலில் நின்று "அம்மா, மருந்து இருக்குன்னு சொல்றீங்க, ஆனா இல்லைன்னும் சொல்றீங்க, நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. மாத்திரை வந்து சேரும் முன் பெரியவர் போய்விட்டார். மாத்திரை இருந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. அவருக்கு இருந்த நோய்கள் பல. ஆனால் முயன்று பார்க்க வேண்டிய ஒன்றை முயலாமலே விட்டோம் என்பது எனக்குத் தெரியும்.

பின்னர் இன்னொருவர், ஏறத்தாழ இதே நிலை. அந்த முறை வேறொரு ஊரின் மருத்துவமனை தன்னிடமிருந்த இருப்பில் கொஞ்சம் கொடுத்து உதவியது. சிறுநீரகத்துக்கு ஏற்ப அளவைக் குறைத்து, இரத்த அணுக்களை வாரம் இருமுறை பார்த்துக்கொண்டு கொடுத்தோம். வீட்டுக்குப் போனார். ஒருவர் பிழைத்தது சான்றாகாது என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் அதையே சொல்வேன். அதனால்தான் ஒவ்வொரு நோயாளியின் விவரமும் பதிவாக வேண்டும் என்கிறேன்.

நீங்கள் நிறுத்திய அந்தச் சோதனை என்ன என்று குழுவில் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். உள்ளங்கை அளவு ப்ளாஸ்டிக் தட்டில் 96 குழிகள். ஒரு மருந்தின் அளவு இடமிருந்து வலமாகக் கூடும். இன்னொன்றின் அளவு மேலிருந்து கீழாகக் கூடும். ஒவ்வொரு குழியிலும் இரண்டும் வேறு வேறு விகிதத்தில் கலந்திருக்க, நோயாளியின் யீஸ்டை எல்லாவற்றிலும் சம அளவு விடுவோம். 35 டிகிரியில் ஒரு நாள் வைத்து எடுத்தால், யீஸ்ட் வளர்ந்த குழி கலங்கியிருக்கும், அடங்கிய குழி தெளிந்திருக்கும். தனியாக எவ்வளவு மருந்து தேவைப்பட்டது, கூட்டாளியோடு வந்தபோது எவ்வளவு போதுமானது என்ற விகிதங்களை இரண்டு மருந்துக்கும் கணக்கிட்டுக் கூட்டுவோம். கூட்டுத்தொகை 0.5 அல்லது அதற்குக் கீழே என்றால் இரண்டும் ஒன்றையொன்று தூக்கிவிடுகின்றன. 4க்கு மேலே என்றால் ஒன்றையொன்று கெடுக்கின்றன. நடுவில் என்றால் சேர்த்ததால் சொல்லும்படியான பலன் இல்லை.

இந்த நடுப்பகுதியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எங்கள் மேஜையில் பெரும்பாலான தட்டுகள் அங்கேதான் விழுந்தன. அதாவது மருத்துவர் சேர்த்து எழுதிய இரண்டாவது மருந்து பெரும்பாலும் ஆய்வகத்தில் எதையும் கூட்டவில்லை. அந்தச் செய்தி போனதும் சில வார்டுகளில் இரண்டாவது மருந்தை நிறுத்தினார்கள். ஒரு மருந்தின் நச்சும் செலவும் நோயாளிக்கு மிச்சமாயிற்று. செலவு அதிகம் என்று நீங்கள் நிறுத்திய சோதனை இப்படிச் செலவைக் குறைத்துக்கொண்டிருந்தது. அந்தக் கணக்கை யாரும் எங்களிடம் கேட்கவில்லை.

சிலவற்றில் தெளிவான ஒத்துழைப்பு தெரிந்தது. ஆரிஸ் மீது மைக்காஃபஞ்சினும் வோரிகோனசோலும் சேர்ந்து வலுவாக வேலை செய்வதை 2017இலேயே ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள். நியூயார்க்கில் பரவிய பல மருந்துகளுக்கு அடங்காத ஆரிஸ் கிருமிகளை வைத்து 2020இல் வந்த ஆய்வில், ஃப்ளூசைட்டோசின் சேர்ந்த கூட்டணிகள் அடக்கும் திறனோடு இருந்தன. ஆனால் எல்லாக் கிருமிக்கும் பொருந்தும் ஒரே சூத்திரம் கிடையாது. ஒரு கிருமியில் எர்கோஸ்டிரால் நொதியின் மரபணு மாறியிருக்கும். இன்னொன்றில் மருந்தை வெளியே தள்ளும் பம்புகள் பெருகியிருக்கும். இன்னொன்றில் சுவர் நொதியின் மரபணுவில் மாற்றம் இருக்கும். எந்த வழியில் எதிர்ப்பு வந்தது என்பதைப் பொறுத்துத்தான் எந்தக் கூட்டாளி உதவும் என்பது அமையும்.

இனி "போதிய சான்று இல்லை" என்ற வாசகத்துக்கு வருகிறேன். கேண்டிடாவைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. பெரிய அளவில் நோயாளிகளை வைத்து நடந்த சோதனைகள் அரிது. 2003இல் வெளியான ஒன்றில், ஃப்ளூகோனசோலோடு ஆம்போடெரிசினைச் சேர்த்தபோது இரத்தத்திலிருந்து கிருமி கூடுதலானோருக்கு நீங்கியது; கிருமி நீங்காதோர் 17 சதவீதத்திலிருந்து 6ஆகக் குறைந்தார்கள். சிறுநீரகப் பாதிப்பு கூடியது. இவ்விரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும் என்று அதுவரை பலர் அஞ்சியிருந்தார்கள். அந்த அச்சத்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் ஆரிஸ் பற்றி அந்த ஆய்வு எதுவும் சொல்லாது.

ஆனால் யீஸ்ட் என்றால் கேண்டிடா மட்டும்தானா? கிரிப்டோகாக்கஸும் யீஸ்ட்தான். எச்ஐவி உள்ளவர்களின் மூளை உறையைத் தாக்கி உயிரை எடுக்கும் இந்தக் கிருமியில் கூட்டு மருந்தின் சான்று மலைபோலக் குவிந்திருக்கிறது. வியட்நாமில் ஹோ சி மின் நகரத்தில் 299 நோயாளிகளை வைத்து நடந்து 2013இல் வெளியான ஆய்வில், ஆம்போடெரிசின் மட்டும் வாங்கியவர்களில் 70 நாட்களுக்குள் 44 பேர் இறந்தார்கள். அதோடு ஃப்ளூசைட்டோசின் சேர்த்து வாங்கியவர்களில் 30 பேர். 2018இல் மலாவி, சாம்பியா, தான்சானியா, கேமரூன் நாடுகளில் நடந்த ஆய்வு வந்தது. ஆம்போடெரிசினுக்குத் துணையாக ஃப்ளூகோனசோல் வாங்கியவர்களில் பத்து வாரங்களில் 45 சதவீதம் பேர் இறந்தார்கள். துணை ஃப்ளூசைட்டோசின் என்றால் 31.1 சதவீதம். இங்கே கவனியுங்கள்: இரு பக்கமும் இரண்டு மருந்துதான். வேறுபாடு எந்த இரண்டு என்பதில். ஒரே வாரம் ஆம்போடெரிசினும் ஃப்ளூசைட்டோசினும் சேர்த்துக் கொடுத்த பிரிவில் இறப்பு 24.2 சதவீதமாக இறங்கியது.

2022இல் ஆப்பிரிக்காவின் ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வு இதை இன்னும் எளிதாக்கியது. லிப்போசோமல் ஆம்போடெரிசின் (கொழுப்புக் குமிழிகளில் அடைத்த வகை) ஒரே ஒரு பெரிய டோஸ், அதோடு 14 நாட்கள் ஃப்ளூசைட்டோசினும் ஃப்ளூகோனசோலும். பலன் பழைய முறைக்குக் குறையவில்லை, பக்க விளைவுகள் குறைந்தன. அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனம் இதை முதல் தேர்வாக அறிவித்தது. அந்த நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் ஃப்ளூசைட்டோசின் இருக்கிறது. மலாவியின் மருத்துவமனையில் கொடுக்க முடிந்த மாத்திரையை நம்மால் வாங்கி வைக்க முடியாது என்றால் அதை நான் எப்படி ஏற்பது?

மறுபக்கத்தையும் சொல்வது என் கடமை. ஆய்வகத்தில் அழகாகத் தெரிந்த கூட்டணி எல்லாம் நோயாளியிடம் பலிப்பதில்லை. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் செர்ட்ரலின் மாத்திரை கிரிப்டோகாக்கஸை அடக்குவதாக ஆய்வகத்தில் தெரிந்தது. வழக்கமான மருந்துகளோடு அதைச் சேர்த்து உகாண்டாவில் முறையாகச் சோதித்தார்கள். இறப்பு குறையவில்லை. 2019இல் முடிவு வெளியானது. புற்றுநோய் மாத்திரையான டாமாக்சிஃபனும் வியட்நாமில் அப்படியே கைவிட்டது. ஆகவே என் தட்டு சொல்வதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. தட்டு வழிகாட்டட்டும், நோயாளியின் முடிவு பதிவாகட்டும், இரண்டையும் ஒப்பிட்டு அடுத்த நோயாளிக்குக் கற்போம். ஃப்ளூசைட்டோசினைத் தனியாகக் கொடுத்தால் யீஸ்ட் விரைவில் எதிர்ப்பைப் பெற்றுவிடும். எலும்பு மஜ்ஜையை அது பாதிக்கும், சிறுநீரகம் தளர்ந்தால் உடலில் தேங்கும். இவ்வளவு கவனம் கேட்கும் மருந்து, அவசரத்தில் யாரோ எங்கிருந்தோ வாங்கி வருவதாக இருப்பதைவிட உங்கள் மேற்பார்வையில் மருந்தகத்தில் இருப்பதல்லவா பாதுகாப்பு?

சென்னையில் இதைச் சொல்ல வேண்டியிருப்பதுதான் எனக்கு வலிக்கிறது. காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசினைத் தனியாகக் கொடுத்து எதிர்ப்பு முளைத்ததைப் பார்த்த உலகம், மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கக் கற்றது. அந்தக் கூட்டு சிகிச்சையை வீட்டிலேயே வைத்துத் தரலாம் என்று நிறுவியது 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருத்துவ ஆய்வு மையம். 2004 ஏப்ரலில் எச்ஐவிக்கு மூன்று மருந்துக் கூட்டு சிகிச்சை இலவசமாகத் தொடங்கியபோது முதல் மையங்களில் தாம்பரம் மருத்துவமனையும் ஒன்று. எதிர்ப்பைக் கூட்டு மருந்தால் வெல்வது என்பது இந்த ஊர் மருத்துவர்கள் கைப்பழக்கமாகச் செய்தது. பூஞ்சைக்கு மட்டும் ஏன் அந்த அனுபவத்தைக் கொண்டுவர மறுக்கிறோம்?

கூட்டு மருந்து என்ற பெயரில் நாம் கேள்வி கேட்காமல் வாங்குபவற்றையும் பார்க்க வேண்டும். எங்கள் வெளிநோயாளிப் பிரிவுக்கு ஓர் இளம்பெண் வந்தார். வெள்ளைப்படுதல், அரிப்பு. போகும் இடமெல்லாம் அவருக்குக் கொடுத்தது ஒரே வகைக் கிட்: அசித்ரோமைசின், செக்னிடசோல், ஃப்ளூகோனசோல். மூன்று மருந்து என்பதால் பலமான சிகிச்சை என்று அவரும் நம்பினார், எழுதியவர்களும் நம்பினார்கள். அதில் யீஸ்டைத் தொடுவது ஒன்றே ஒன்று. அதற்கும் அவருடைய யீஸ்ட் அடங்கவில்லை. கல்ச்சர் செய்தபோது கேண்டிடா கிளாப்ரேட்டா. அந்த மூன்று மருந்தில் அவருக்கு வேலை செய்தது பூஜ்யம்.

ஆய்வக வசதி இல்லாத ஆரம்ப சுகாதார நிலையத்தில் அறிகுறியை வைத்து ஒரு முறை அப்படிக் கொடுப்பது வேறு. திரும்பத் திரும்ப வருபவருக்கு, ஆய்வகம் மாடியிலேயே இருக்கும் மருத்துவமனையில், இனம் காணாமல் அதையே கொடுப்பது தவறு. அவருக்குப் பெண்கள் நல மருத்துவர் போரிக் ஆசிட் 600 மில்லிகிராம் உறைகளைப் பிறப்புறுப்பில் வைக்கும்படி 14 நாட்களுக்குக் கொடுத்தார்; குணமானார். (படிப்பவர்கள் தாமாக முயல வேண்டாம். வாய்வழி விழுங்கினால் அது விஷம், கர்ப்பிணிகளுக்குக் கூடாது.) இத்தகைய எதிர்ப்புள்ள கிளாப்ரேட்டாவுக்கு ஃப்ளூசைட்டோசினையும் ஆம்போடெரிசினையும் சேர்த்த மேற்பூச்சும் அதே அமெரிக்க வழிகாட்டியில் ஒரு மாற்றாக இருக்கிறது. அந்தப் பெண் என்னிடம் சொன்னது நினைவில் நிற்கிறது: "என் புருஷன் வீட்டுல என்னைத்தான் சுத்தமில்லாதவன்னு பேசினாங்க." ஓர் இனம் காணும் சோதனை அவரை அந்தப் பேச்சிலிருந்து காத்திருக்கும்.

ஸ்டீராய்டு, ஆன்டிபயாட்டிக், பூஞ்சை மருந்து மூன்றையும் ஒரே ட்யூபில் குழைத்த களிம்புகளும் இதே வகைதான். முறையற்ற கூட்டு மருந்துகளை மத்திய அரசு 2018இல் 328, 2024இல் 156 என்று தடை செய்திருக்கிறது. தடைப் பட்டியலுக்கு வெளியே இருப்பதெல்லாம் நல்லது என்று எடுத்துக்கொள்ளாமல், எதிர்ப்பை வளர்க்கும் கலவைகளை நீங்களே உங்கள் பட்டியலிலிருந்து நீக்கலாம். அதற்கு யாருடைய உத்தரவும் தேவையில்லை.

தேவை குறைவு என்கிறீர்கள். 2021 மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். கருப்புப் பூஞ்சை வந்தபோது லிப்போசோமல் ஆம்போடெரிசினுக்காக மகன்களும் மகள்களும் ஊர் ஊராக ஓடினார்கள். ஜூன் மாதம் அந்த மருந்தின் மேலிருந்த ஜிஎஸ்டியை முழுதாக நீக்க வேண்டி வந்தது. அதற்கு முந்தைய வருடம் எந்த மருந்துக் குழுவைக் கேட்டிருந்தாலும் ஆம்போடெரிசினுக்குத் தேவை குறைவு என்றுதான் சொல்லியிருக்கும். கேட்பார் இல்லை என்பதும் உண்மையான நிலையைக் காட்டாது. எங்கள் ரிப்போர்ட்டில் "ஸ்பீசிஸ்" என்று மட்டும் இருந்தால், எதிர்ப்பு இருப்பதே மருத்துவருக்குத் தெரியாது. தெரியாதவர் எப்படிக் கேட்பார்?

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை.

இரத்தம், மூளைத் தண்டுநீர் போன்ற இடங்களில் வளரும் எல்லா யீஸ்டுக்கும், அறிகுறியோடு இருக்கும் ஐசியு நோயாளியின் சிறுநீரில் வளரும் யீஸ்டுக்கும், மீண்டும் மீண்டும் வெள்ளைப்படுதலோடு வரும் பெண்களின் யீஸ்டுக்கும் இனம் காண்பதையும் மருந்து உணர்திறன் சோதனையையும் கட்டாயமாக்குங்கள். அறிகுறி இல்லாமல் தோலிலோ குழாயிலோ ஒட்டியிருக்கும் ஆரிஸுக்கு மருந்தே வேண்டாம், தனிமைப்படுத்தலும் கைச்சுத்தமும் போதும் என்பதையும் அதே சுற்றறிக்கையில் எழுதுங்கள்.

ஃப்ளூசைட்டோசினை ஒவ்வொரு மருத்துவமனையும் பெட்டி பெட்டியாக வாங்கச் சொல்லவில்லை. அருகருகே உள்ள மாவட்டங்கள் சேர்ந்து ஒரே இடத்தில் சிறு இருப்பு வைக்கலாம். போன் வந்த அன்றே மாத்திரை கிளம்பும்படி ஒரு பொறுப்பாளரை நியமியுங்கள். தனி மருந்தாக அதை எழுதக் கூடாது. இரத்த அணு எண்ணிக்கையும் கிரியேட்டினினும் பார்க்காமல் தொடரக் கூடாது. இந்த இரண்டு விதிகளையும் மருந்தோடு சேர்த்தே அனுப்புங்கள்.

இரண்டு மருந்துகளைச் சேர்த்துப் பார்க்கும் சோதனையை எல்லா இடத்திலும் நடத்த வேண்டியதில்லை. மண்டலத்துக்கு ஓர் ஆய்வகம் போதும். அடங்காத கிருமிகளை அங்கே அனுப்புங்கள், குப்பையில் போடாதீர்கள். தட்டு சொன்னது என்ன, நோயாளிக்கு நடந்தது என்ன என்ற இரண்டையும் பெயர் நீக்கிப் பதிந்து ஆண்டுதோறும் பொதுவில் வெளியிடுங்கள். போதிய சான்று இல்லை என்று சொன்னவர்கள் சான்றை உருவாக்கும் இந்த வேலைக்குக் கையெழுத்திட வேண்டும்.

ஐசியுவில் இரண்டாவது பூஞ்சை மருந்து எழுதும் ஒவ்வொரு முறையும் காரணத்தைக் கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும், மூன்றாம் நாள் ஒரு நுண்ணுயிரியல் மருத்துவர் அதை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று விதி போடுங்கள். முறையற்ற கிட்டுகளையும் ஸ்டீராய்டு கலந்த பூஞ்சைக் களிம்புகளையும் அடுத்த கொள்முதலிலேயே நிறுத்துங்கள்.

எங்கள் மருத்துவமனைக் குழுவிடம் தனியாக ஒன்று: நிராகரித்த விண்ணப்பத்தை அடுத்த கூட்டத்தில் மீண்டும் எடுங்கள். அன்று எங்கள் துறையிலிருந்து ஒருவரையும், ஐசியு செவிலியர்களிலிருந்து ஒருவரையும் மேஜையில் உட்கார வையுங்கள். மறுபடியும் மறுப்பதாக இருந்தால் காரணத்தை எழுத்தில் தாருங்கள். அடுத்த முறை ஒரு மகன் என் அறை வாசலில் வந்து நின்றால், அந்தக் காகிதத்தை அவரிடம் காட்டுவேன்.

இப்படிக்கு,
ஒரு நுண்ணுயிரியல் மருத்துவர்